மருதவயல் பிள்ளையார் அப்பீல்

செங்காத்தான்குடி,
16-2-1968, இரவு.

ஹாஜிரா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் உம்மாவிடம்கூடக் காட்டாதே. படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு. நான் எழுதினேன் என்று எங்கள் அப்பாவுக்குத் தெரிந்தால் மறுநாளே என் பள்ளிக்கூடம் நின்றுவிடும். இந்த ஊரிலிருந்து புதுவயலுக்கு ஒன்பதாம் வகுப்புப் படிக்கப் போகிற ஒரே பெண் நான்தான். எப்போது நிறுத்தலாம் என்று காத்திருக்கிறார்கள்.

முதலில் கேட்கவேண்டியதைக் கேட்காமல் விட்டேன். நீ சுகமா? மதுரைத் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? உன் வாப்பா, உம்மா எப்படி இருக்கிறார்கள்? வகுப்பில் உன் இடத்தில் இன்னும் ராபியாவின் பைதான் உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் மாயக்கண்ணன் அண்ணன் உங்கள் ஊர் ஜெயிலில் இருக்கிறான். மூன்று மாதம் தண்டனை. பயப்படாதே, அவன் பிள்ளையாரைத்தான் திருடினான்.

எங்கள் கண்மாய்க்கரையில் புதிதாகக் கோயில் கட்டினார்கள். அதில் வைக்கிற பிள்ளையாரைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது, வேறு ஊரிலிருந்து திருடித்தான் வரவேண்டும், அப்போதுதான் சக்தி என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பறிகொடுத்த ஊர்க்காரர்கள் வந்து சத்தம் போடுவார்கள். நாம் நெல்லும் தேங்காயும் வேட்டியும் வைத்துச் சமாதானம் செய்து சாப்பாடு போடுவோம். அதோடு சரி. அண்ணன் மருதவயல் அரசமரத்தடிப் பிள்ளையாரை எடுத்து வந்துவிட்டான். ஆனால் மருதவயல் இருளாண்டி மாமா இங்கே வந்து சத்தம் போடவில்லை. நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். அங்கே புதிதாக வந்த சப்-இன்ஸ்பெக்டர் வடக்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர். இ.பி.கோ. 379 என்று எழுதிப் பிள்ளையாரையும் அண்ணனையும் ஒரே வண்டியில் ஏற்றிப் போய்விட்டார்.

கோர்ட்டில் நடந்ததை அப்பா தினமும் ஒருவருக்காவது சொல்கிறார். எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

"நீ எடுத்தாயா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டாராம்.

"ஆமாங்கய்யா, நாந்தான் எடுத்தேன்."

"கூட யார்?"

"ஒத்த ஆளுங்கய்யா."

"நாலு பேர் சேர்ந்து வண்டியிலிருந்து இறக்கிய கல்லை நீ ஒருவன் தூக்கினாயா?"

"எங்க ஊருக்கு வாரதுக்கு அவருக்கே ஆசைங்கய்யா. எடை கொறஞ்சு வந்தாரு."

கோர்ட்டே சிரித்ததாம், மாஜிஸ்திரேட் தவிர. அண்ணனை ஜெயிலுக்கு அனுப்பியபோது ஊரே மேளத்தோடு பஸ் நிறுத்தம்வரை போய் மாலை போட்டது. அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை.

யாருக்கும் ஞாபகம் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அண்ணனுக்குத் தபால்காரர் வேலை உத்தரவு வந்திருக்கிறது. போலீஸ் விசாரணை முடிந்ததும் சேரவேண்டும். திருட்டுக்காக ஜெயிலுக்குப் போனவன் கையில் தபால் பையைக் கொடுப்பார்களா? உன் மாமா வக்கீல் ஆகிவிட்டார் என்று எழுதியிருந்தாயே, அவரிடம் வேறு யாருக்கோ நடந்ததுபோல் கேட்டுச் சொல். "இந்த வீட்டுல எவனும் வக்கீலு கோர்ட்டுன்னு வாயத் தொறக்கக் கூடாது" என்று அப்பா சொல்லிவிட்டார்.

பதிலை ராபியா வீட்டு விலாசத்துக்கு அனுப்பு. அவள் ஜியோமெட்ரி பெட்டியில் வைத்துக் கொடுப்பாள்.

உன்,
விசாலம்.


கீழமாசி வீதி, மதுரை,
22-2-1968.

என் பிரியமுள்ள விசாலத்துக்கு ஹாஜிராவின் ஸலாம்.

அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம். உன் அம்மாவை அழவேண்டாம் என்று சொல். உன் கடிதத்தை எரிக்கவில்லை. எங்கள் வீட்டில் இப்போது பம்ப் ஸ்டவ்தான். அதில் கடிதத்தைப் போட்டால் நான்தான் எரிவேன்.

ஹபீப் மாமாவிடம், "ஒரு கதையில் ஒரு பெண்ணின் அண்ணன்" என்று ஆரம்பித்தேன். மாமா கையிலிருந்த டீயை வைத்துவிட்டு, "எந்த ஊர்? எந்தக் கோர்ட்? தீர்ப்பு என்றைக்கு?" என்று எழுந்து நின்றுவிட்டார். வக்கீலாகி ஒரு வருடமாகிறது. வாப்பாவின் அரிசி மண்டி மாடியில் மூட்டைகளுக்கு நடுவே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார். இதுவரை வந்தவர்கள் எல்லோரும் அரிசி விலை கேட்க வந்தவர்கள். ஆகையால் ரகசியம் போய்விட்டது, மன்னித்துவிடு. ஆனால் மாமா வாயைத் திறக்கமாட்டார். ஃபீஸ் கேட்கமாட்டார். "முதல் கிரிமினல் கேஸுக்கு நான்தான் இனிப்புக் கொடுக்கவேண்டும்" என்கிறார்.

நீ கேட்டதற்குப் பதில் நல்லதாக இல்லை. திருட்டுக் குற்றம் ருசுவாகித் தண்டனையும் நின்றுவிட்டால் சர்க்கார் வேலை கஷ்டம்தான். தண்டனை முடிந்து வந்தாலும் அந்தக் கறை போகாது. அப்பீல் போடவேண்டும். அதற்குத் தீர்ப்பிலிருந்து முப்பது நாள்தான் கெடு.

மாமா நேற்றே ஜெயிலுக்குப் போய் உன் அண்ணனைப் பார்த்தார். சுகமாக இருக்கிறார். தோட்டத்தில் கத்தரிக்காய்க்குத் தண்ணீர் பாய்ச்சுகிறாராம். வக்காலத்தை நீட்டி, "கேஸே பொய் என்று உடைத்துவிடலாம், கையெழுத்துப் போடுங்கள்" என்றாராம். உன் அண்ணன், "நீங்க நல்லாருப்பீக வக்கீலய்யா, போயிட்டு வாங்க" என்று கும்பிட்டுவிட்டாராம். எவ்வளவு கேட்டும் அதே கும்பிடுதான். மாமா திரும்பி வந்து சாப்பிடவே இல்லை. உன் அண்ணனுக்கு என்ன வந்தது?

இப்படிக்கு,
ஹாஜிரா.


செங்காத்தான்குடி,
25-2-1968, இரவு.

அன்புத் தோழிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் மாமா சாப்பிட்டாரா?

அண்ணன் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று எனக்குத் தெரியும். திருடிக்கொண்டு வந்த பிள்ளையாரை, "நான் திருடவில்லை" என்று ஒரு வார்த்தை மறுத்துவிட்டால் அவர் நம் ஊரில் தங்கமாட்டார். கண்மாய் வற்றிப்போகும் என்பார்கள். ஊரே நம்புவதை அவன் ஒருவன் கெடுக்கமாட்டான். தூக்கிலே போட்டாலும் "நான்தான் எடுத்தேன்" என்றுதான் சொல்வான்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். முட்டாள்தனமாக இருந்தால் உன் மாமாவிடம் சொல்லாதே. திருடியது உண்மைதான் என்று வைத்துக்கொண்டே, தண்டனையை மட்டும் குறைக்கச் சொல்லி மேல் கோர்ட்டில் கேட்க முடியாதா? பள்ளிக்கூடத்தில் நாம் கேட்போமே, "தப்புத்தான் டீச்சர், ஆனால் வெயிலில் நிறுத்தாதீர்கள்" என்று. அந்த மாதிரி.

ஊரில் எல்லோரும் சிரித்துக்கொண்டு திரிகிறார்கள். நான் மட்டும் அப்பீல் கெடுவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

விசாலம்.


மதுரை,
29-2-1968.

விசாலம்! விசாலம்! விசாலம்!

முதலில் சுகம் விசாரிக்கவேண்டும் என்று உம்மா சொல்லியிருக்கிறது. சுகமா? சுகம்தான். இனிமேல் இன்னும் சுகம்.

உன் கடிதத்தின் அந்த வரியை மட்டும் மாமாவிடம் படித்துக் காட்டினேன். மாமா மூட்டைகளுக்கு நடுவிலிருந்து சட்டப் புத்தகத்தை உருவித் தூசி தட்டினார். பிறகு புத்தகத்தைப் புரட்டினார். பிறகு மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து சிரித்தார். குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டவன் "நான் செய்யவில்லை" என்று அப்பீல் போடவே முடியாதாம்! சட்டமே அனுமதிக்காதாம். தண்டனை அதிகம், அல்லது தண்டனை சட்டப்படி சரியில்லை என்று மட்டும்தான் கேட்கலாமாம். "கேஸை உடைக்கிறேன் என்று நான் போய் நின்றேனே, அவர் கும்பிட்டு அனுப்பியது நல்லதாய்ப் போயிற்று" என்றார்.

நேற்று மறுபடி ஜெயிலுக்குப் போனார். "பிள்ளையாரை நீங்கள்தான் திருடினீர்கள் என்றே மனுவில் எழுதுகிறேன், சம்மதமா?" என்றாராம். உன் அண்ணன், "நல்லாக் கொட்டை எழுத்துல எழுதுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்!

அடுத்ததைக் கவனமாகக் கேள். இருபத்தொரு வயது நிரம்பாதவர்களை இந்த மாதிரிக் குற்றத்துக்கு நேரே ஜெயிலுக்கு அனுப்பக் கூடாது என்று பத்து வருடத்துக்கு முன்பே ஒரு சட்டம் வந்திருக்கிறது. எச்சரித்து விடலாமா, நன்னடத்தை ஜாமீனில் விடலாமா என்று பார்க்கவேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்று எழுதவேண்டும். தீர்ப்பில் அப்படி ஒரு வரிகூட இல்லையாம். அந்தச் சட்டப்படி விட்டுவிட்டால் வேலைக்கும் தடை கிடையாது, கறையும் கிடையாது.

உன் அண்ணனுக்கு வயது இருபதுதானே? பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட் வேண்டும். நீதான் எடுத்து அனுப்பவேண்டும். சீக்கிரம்.

இன்னொன்று. கேஸ் கட்டில் முதல் சாட்சி "இருளாண்டி மகள் கருப்பி" என்று இருக்கிறது. சம்பவம் நடந்த நள்ளிரவில் அரசமரத்துப் பக்கம் இருந்தவளாம். உன் அண்ணன் ஒத்துக்கொண்டதால் அவளைக் கூண்டில் ஏற்றவே இல்லை. யார் இந்தக் கருப்பி? அந்நேரத்தில் அங்கே அவளுக்கு என்ன வேலை?

ஹாஜிரா.


செங்காத்தான்குடி,
20-3-1968, இரவு.

அன்புள்ள ஹாஜிராவுக்கு,

நாங்கள் நலம். உன் பரீட்சை எப்படி? சர்ட்டிபிகேட் வந்து சேர்ந்தது என்று ராபியா சொன்னபிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. அது அப்பாவின் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அப்பா மேலே படுத்திருந்தார். பெட்டியைத் திறக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தது. "யாருடா?" என்றார். நான் "மியாவ்" என்றேன். "ச்சூ" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அண்ணன் ஜாமீனில் வந்துவிட்டான்! திடீரென்று பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தான். அம்மா அவனைப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தது. பதினோரு தோசை தின்றான். ஊருக்குத்தான் ஏமாற்றம். சித்திரை கடைசியில் வரவேற்க மேளத்துக்கு முன்பணம் கொடுத்து வைத்திருந்தார்களாம். "ஏன்டா, சொல்லிட்டு வரக் கூடாதா?" என்று மேளக்காரர் கோபித்துக்கொண்டார்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "எவன்டா அப்பீலு போட்டது? பிள்ளையார இல்லேன்னு சொல்லிட்டியா?" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

அண்ணன், "நாந்தான் திருடுனேன்னு வக்கீலு மேல் கோர்ட்டுலயும் எழுதிக் குடுத்திருக்காருப்பா. கீழ் கோர்ட்டுல ஒரு தடவ, மேல் கோர்ட்டுல ஒரு தடவ. பிள்ளையாருக்கு ரெட்டைப் பலம்" என்றான். அப்பா யோசித்துப் பார்த்துவிட்டு மீசையைத் தடவினார். "வக்கீலு எப்படிக் கெடச்சாரு?" "மதுரையில அரிசி மண்டிக்கு மேல இருக்காரு." அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. அண்ணன் கதவுப் பக்கம் பார்க்கவே இல்லை. ஆனால் படுக்கப் போகும்போது என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, "மியாவ்" என்றான். கட்டிலடியில் பூனை வந்த கதையை அப்பா அவனிடம் சொல்லியிருக்கிறார்; சர்ட்டிபிகேட் போன வழி அவனுக்குப் புரிந்துவிட்டது.

நம் பிள்ளையார் கோர்ட்டில் தொண்டிப்பொருளாக, அதாவது பிடிபட்ட திருட்டுச் சாமானாக இருக்கிறாராம், கழுத்தில் நம்பர் சீட்டோடு. அங்குள்ள சேவகர் தினமும் இரண்டு செம்பருத்திப் பூ வைக்கிறாராம். வழக்குக்கு வருகிறவர்கள் உள்ளே போகுமுன் தோப்புக்கரணம் போடுகிறார்களாம்.

விளக்கில் எண்ணெய் குறைகிறது. உன் மாமாவுக்கு எங்கள் அம்மா தெரியாமலே தினமும் நன்றி சொல்கிறது. "எந்தப் புண்ணியவதி பெத்த பிள்ளையோ" என்று.

விசாலம்.


மதுரை,
2-4-1968.

பிரியமுள்ள விசாலம்,

சுகம். பரீட்சையில் கணக்கைத் தவிர எல்லாம் நன்றாக எழுதினேன்.

நான்கு பக்கம் எழுதினாய். பூனை வந்தது, தோசை வந்தது, செம்பருத்தி வந்தது. கருப்பி வரவில்லை. நான் கேட்டதை நீ மறந்துவிட்டாயா, மறைத்துவிட்டாயா?

இப்போது அவசரம். மேல் கோர்ட் உத்தரவுப்படி நன்னடத்தை அதிகாரி ஒருவர் உங்கள் ஊருக்கு விசாரிக்க வருவார். உன் அண்ணன் எப்படிப்பட்டவர், ஊரில் என்ன பெயர், இனிமேல் இப்படிச் செய்வாரா என்று கேட்டு அறிக்கை எழுதுவார். ஜட்ஜ் அதைத்தான் பார்ப்பாராம். இவரிடம் பாடம் சொல்லிக்கொடுத்துப் பேசவைக்கக் கூடாது, உண்மையைச் சொன்னாலே போதும் என்று மாமா சொல்கிறார். உன் அண்ணன் நல்லவர்தானே, பிறகென்ன பயம்?

ஹாஜிரா.


செங்காத்தான்குடி,
17-4-1968, இரவு.

ஹாஜிரா,

எல்லாம் போய்விட்டது. உன் சுகத்தை அடுத்த கடிதத்தில் கேட்கிறேன்.

இன்று அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர், சைக்கிளில் வந்தார். ஆலமரத்தடியில் நாற்காலி போட்டு இளநீர் கொடுத்தார்கள். நான் தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கமே மூன்றுமுறை போனேன்.

"மாயக்கண்ணன் எப்படிப்பட்ட பையன்?" என்று கேட்டார்.

அப்பா எழுந்து நின்று துண்டை உதறித் தோளில் போட்டார். "சார், இந்த வட்டாரத்துலயே அவன மாதிரித் திருட ஆள் கெடையாது."

அதிகாரி பேனாவை எடுத்தார்.

"நாய் கொலைக்கல சார்!" என்றார் சின்னக்கண்ணு சித்தப்பா. "மருதவயல்ல ஏழு நாயி. ஒண்ணு கொலைக்கணுமே!"

"அவுக தாத்தாவும் ஒரு பிள்ளையாரத் திருடுனவருதான். இது பரம்பரைக் கை" என்றார் மேளக்காரர்.

"இனிமேல் இப்படிச் செய்வானா?" என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார்.

"ஏன் செய்யமாட்டான்? ஐயனார் கோயிலுக்கு ஒரு குதிரை வேணும்னு பேசிக்கிட்டிருக்கோம்!" என்றார் அப்பா.

குடம் என் இடுப்பிலிருந்து நழுவி உடைந்தது. எல்லோரும் என்னைத் திட்டினார்கள். நாற்காலியில் இருந்தவர் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டே, "அவுக நல்லதுன்னு நெனச்சுச் சொல்றாக சார்" என்றேன்.

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதவயல் எங்குட்டு என்று கேட்டுப் போனார். இருளாண்டி மாமா என்ன சொன்னாரோ. அண்ணன் ராத்திரி சாப்பிடவில்லை. அப்பாவோ, "நல்லாச் சொன்னோம்ல?" என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

விசாலம்.


செங்காத்தான்குடி,
9-6-1968, இரவு.

அன்புள்ள ஹாஜிராவுக்கு,

சுகமா? உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. ராபியாவின் பெட்டியில் காம்பஸும் ரப்பரும்தான் இருக்கின்றன. என்மேல் கோபமா? கருப்பியைப்பற்றிச் சொல்லவில்லை என்றா? சரி, சொல்கிறேன். கருப்பிக்கு நன்றாகப் பூக்கட்டத் தெரியும். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். போதுமா?

தபால் ஆபீசிலிருந்து அண்ணனுக்கு இன்னொரு காகிதம் வந்திருக்கிறது. ஜூலைக்குள் எல்லாம் தீர்ந்தாக வேண்டுமாம். மேல் கோர்ட்டு என்ன செய்கிறது?

விசாலம்.


மதுரை,
26-6-1968.

என் பிரியமுள்ள விசாலத்துக்கு,

கோபமெல்லாம் இல்லை. எனக்குப் பொன்னுக்குவீங்கி வந்து முகம் பூசணிக்காய் ஆகிவிட்டது. உம்மா பேனாவையே தொடவிடவில்லை. கோர்ட்டுக்கும் கோடை விடுமுறை. இப்போது நானும் கோர்ட்டும் எழுந்துவிட்டோம்.

உட்கார்ந்துகொள். குடம் கையில் இருந்தால் கீழே வை.

நேற்று உன் அண்ணனின் அப்பீல் விசாரணைக்கு வந்தது. மாமாவுக்கு முதல் கேஸ். ஜட்ஜ் அதிகாரியின் அறிக்கையைச் சத்தமாகப் படித்தாராம். "இந்தக் கிராமத்தார் இவர் திருட்டில் வல்லவர் என்று என்னிடம் பெருமையாகச் சாட்சி சொன்னார்கள். ஒரு திருடனுக்குச் சொந்த ஊரே இப்படிச் சாட்சி சொல்வதை என் பணியில் நான் கண்டதில்லை. இது களவு என்று இவர்கள் நினைக்கவே இல்லை என்பதற்கு இதைவிட வேறு ருசு வேண்டியதில்லை." ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம், சிரித்து!

கடைசியில் இன்னொரு வரி: "புகார் கொடுத்த இருளாண்டியை விசாரித்தேன். அந்தப் பையன் என் வீட்டு மானத்தைக் கூண்டில் ஏற்றவில்லை. அவன் ஜெயிலில் இருந்த நாளெல்லாம் எனக்குச் சோறு செல்லவில்லை என்றார்."

இனிமேல் நான் கருப்பியைப்பற்றிக் கேட்கமாட்டேன். அவர் ஏன் உங்கள் ஊருக்கு வந்து சத்தம் போடாமல் நேரே ஸ்டேஷனுக்குப் போனார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கன்னத்தில் குழி விழுமா? மாஷா அல்லாஹ்.

தீர்ப்பு: தண்டனை ரத்து. எச்சரித்து விடுதலை! உன் அண்ணனைக் கூப்பிட்டு, "இனிமேல் சட்டம் அனுமதிக்காத எதையும் எடுக்காதே" என்றாராம். உன் அண்ணன், "சரிங்கய்யா" என்றார். மாமா பெருமூச்சு விட்டார். வேலைக்குத் தடையில்லை என்ற சட்டப் பிரிவைக் காட்டித் தீர்ப்பு நகலோடு தபால் ஆபீசுக்கு மாமாவே எழுதிவிட்டார்.

பிள்ளையார் மட்டும் சட்டப்படி மருதவயலுக்குத்தான் திரும்பிப் போகவேண்டும். அதில் ஒன்றும் செய்யமுடியவில்லை. அண்ணனை விட்டு உன் அப்பாவிடம் மெதுவாகச் சொல்லச் சொல்.

மாமா மண்டியில் எல்லோருக்கும் அல்வா கொடுத்தார். அரிசி வாங்க வந்தவர்களுக்கும்.

உன் ஹாஜிரா.


செங்காத்தான்குடி,
14-7-1968, இரவு.

அன்புள்ள ஹாஜிராவுக்கு,

உன் முக வீக்கம் வற்றிவிட்டதா? இங்கே அம்மா பாடிக்கொண்டே மாவாட்டுகிறது. அண்ணனுக்குக் காக்கிச் சட்டை தைக்க அளவெடுத்தாயிற்று, முதல் தேதி வேலைக்குச் சேர்கிறான்.

அவசரமாக ஒரு சட்டம் கேட்கவேண்டும். இருளாண்டி மாமா வருகிற வெள்ளிக்கிழமை பிள்ளையாரைக் கோர்ட்டிலிருந்து மாட்டுவண்டியில் வாங்கி வருகிறாராம். ஆள் அனுப்பியிருக்கிறார், எங்கள் அப்பாவிடம் இப்படிச் சொல்லச் சொல்லி: "எங்க மாட்டுக்கு வயசாயிப்போச்சு, ஒரே நாள்ல மருதவயல் வந்து சேராது. ஒங்க கண்மாய்க்கரையிலதான் வண்டிய அவுத்துப் போட்டுப் படுக்கணும். எனக்குப் படுத்தா இடி விழுந்தாலும் தெரியாது. என்கூடக் கருப்பி மட்டுந்தான் வருது, அது சின்னப் புள்ள."

அந்த மாடு சென்ற வாரம்தான் திருப்பத்தூர்ச் சந்தையில் வாங்கியது. கன்றுபோல் துள்ளுகிறது.

அப்பா இதைக் கேட்டதிலிருந்து குளித்துவிட்டு வந்து கோயில் பீடத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். எனக்குத்தான் மறுபடி பயம். "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று மாமா வாய்திறந்து சொல்லிவிட்டால் அது திருட்டுப் பிள்ளையார் இல்லை, சக்தி போய்விடும். சொல்லாமல் விட்டால் மறுபடி 379 ஆகிவிடும். இதற்கு என்ன வழி? உன் மாமாவைக் கேள்.

விசாலம்.


மதுரை,
17-7-1968.

விசாலம்,

சுகம், சுகம், தபால் போகிற நேரம். மாமா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

உடையவன் சம்மதமில்லாமல் எடுத்தால்தான் திருட்டு. அந்தச் சம்மதத்தை வாயால் சொல்லவேண்டிய அவசியமில்லை, நடந்துகொள்கிற விதத்திலும் சம்மதம் தெரியலாம் என்று சட்டப் புத்தகத்திலேயே விளக்கம் போட்டிருக்கிறது. ஆகவே அவர் வாயைத் திறக்கவேண்டாம். நன்றாகக் குறட்டை விடட்டும். சட்டத்துக்கு அது சம்மதம். உங்கள் வழக்கத்துக்கு அது தூக்கம்.

ஆனால் உன் அண்ணன் மட்டும் கல்லுக்குப் பக்கத்தில் போகக் கூடாது. ஜட்ஜ் எச்சரித்து அனுப்பியவர். சந்தேகத்துக்கே இடம் வைக்கவேண்டாம். அன்றைக்கு உடன் போன மற்ற ஆண்களும் வேண்டாம்.

மாமா கும்பாபிஷேகத்துக்கு வருகிறாராம், என்னையும் கூட்டிக்கொண்டு. எனக்குச் சர்க்கரைப் பொங்கல் நிறைய எடுத்து வை.

ஹாஜிரா.


செங்காத்தான்குடி,
19-7-1968, இரவு.

அன்புள்ள ஹாஜிராவுக்கு,

நீ வரப்போகிறாய் என்று கேட்டதிலிருந்து எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. உன் வாப்பா, உம்மா, மாமா எல்லோரும் சுகம்தானே? இதையும் யாரிடமும் காட்டாதே. பழக்கத்தில் எழுதிவிட்டேன். காட்டினாலும் பரவாயில்லை. இல்லை, வேண்டாம், காட்டாதே.

வண்டி கண்மாய்க்கரைக்கு வந்துவிட்டது. அண்ணன் பொழுது சாயும்போதே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டான். "ஏட்டையா கண்ணு முன்னாலயே விடியிற வரைக்கும் உக்காந்திருப்பேன். ஏன்னு கேட்டா, சும்மா என்னையப் பாத்துக்கிட்டே இருங்கன்னு சொல்லுவேன்" என்றான். போகும்போது கண்மாய்ப் பக்கம் சுற்றிக்கொண்டுதான் போனான். ஸ்டேஷனுக்கு அது வழியே இல்லை.

அப்பா வண்டிக்குக் காவல் இருக்கிறேன் என்று போய் இருளாண்டி மாமாவுக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துவிட்டார். அன்றைக்குப் போன ஆண்கள் யாரும் வரக்கூடாது என்று நீ எழுதியதை ராபியா சொன்னதாக அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தது. "ராபியாவுக்கு நல்ல புத்தி" என்று சொல்லிவிட்டுச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு போயிருக்கிறது. காளியாயி அத்தையும் போயிருக்கிறது. என்னை மட்டும், "நீ பயந்தவ, குடத்தப் போட்டு ஒடச்ச மாதிரி சாமியப் போட்டு ஒடச்சுருவ, வீட்டப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டார்கள்.

இங்கிருந்தே குறட்டை கேட்கிறது. இரண்டு பேரும் போட்டி போடுகிறார்கள். அப்பா ஒன்று விட்டால் மாமா அதைவிடப் பெரிதாக ஒன்று விடுகிறார். ஒருமுறை இரண்டும் நின்றுபோய், "என்ன மச்சான், தூங்கிட்டீகளா?" என்று ஒரு குரல் கேட்டது. "ஆமா மாப்ள, நல்ல தூக்கம்" என்றது இன்னொன்று. மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

ஹாஜிரா, நீ இவ்வளவு நாளும் கேட்டாயே, அந்தக் கேள்விக்கு இன்றைக்குப் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன், அதனால்தான். அண்ணனும் கருப்பியும்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

வளையல் சத்தம். "விசாலம், கதவத் தொறங்க நாத்தனாரே! ஒங்க அம்மா ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பிள்ளையாரு இந்தத் தடவ எடை கொறயலயாம். ஒரு கை கொறயுது, வெரசா வாங்க!"

ஹாஜிரா, நான்